எட்டாவது நரகத்தின் வாசலில்: ஈழத்து முஸ்லிம் நவீன கவிதையை வாசிப்பது பற்றி

ஈழத்துக் கவிஞர் சோலைக்கிளியின் ‘தொப்பி சப்பாத்துச் சிசு’ என்னும் கவிதையைப் பென்னலூரில் சில இளைஞர்களோடு படித்தபோது எழுந்த ஒரு சிறு விவாதத்திலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். ‘சப்பாத்து’ என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். காலணி, பூட்ஸ் என்று விளக்கம் சொல்லப்பட்டது. ஒரகடத்தில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் மாறுநேரப் பணி செய்யும் ஓர் இளைஞர் உடனே, “அப்படியானால் இது எங்கள் கவிதை. பிறக்கும்போதே கம்பெனித் தொப்பியும் பாதுகாப்புக் காலணியும் மாட்டிக்கொண்டு பிறக்கிற பிள்ளையைத்தானே சொல்கிறார்?” என்றார். தலைப்பை மட்டும் கேட்டுச் சொன்ன வாசிப்பு அது, அழகான வாசிப்பு. தவறான வாசிப்பும்கூட. அது ஏன் அழகானது என்பதையும் ஏன் தவறானது என்பதையும் சேர்த்தே விளங்கிக்கொண்டால், போரைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் எழுதப்பட்ட சோதனை முயற்சிக் கவிதைகளை எவ்வாறு அணுகுவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அக்கவிதையில் பிறக்கவிருப்பது படைவீரனின் தொப்பியும் சப்பாத்தும் ஆயுதமும் பூண்ட சிசு. கருவறையே பாசறையாகிவிட்ட ஒரு காலத்தை அது முன்னுரைக்கிறது. கவிதையை முழுவதும் படித்த பிறகு அந்த இளைஞரும் தம் வாசிப்பைத் திருத்திக்கொண்டார். ஆனால் அடுத்து அவர் கேட்ட கேள்விதான் எங்களை மௌனமாக்கியது: “அது யாருடைய சப்பாத்து?”

இருண்மை என்ற குற்றச்சாட்டு

கிழக்கிலங்கையின் கல்முனையில் 1957இல் பிறந்த உதுமாலெவ்வை முகம்மது அதீக் என்பவரே சோலைக்கிளி. ‘நானும் ஒரு பூனை’ (1985), ‘எட்டாவது நரகம்’ (1988), ‘காகம் கலைத்த கனவு’ (1991), ‘ஆணிவேர் அறுந்த நான்’ (1993), ‘பாம்பு நரம்பு மனிதன்’ (1995) எனத் தொடர்ந்து வந்த இவருடைய தொகுதிகள் ஈழத்து நவீன கவிதையின் போக்கில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தின. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பேச்சுவழக்கும், வீட்டு முற்றத்துப் பிராணிகளும் பறவைகளும், கனவின் தர்க்கமும் அவற்றில் ஒன்றாகக் கலந்தன. அதனாலேயே புரியவில்லை என்ற முறைப்பாடும் அவரைத் தொடர்ந்து வந்தது.

இம்முறைப்பாட்டுக்கு ஒரு பின்புலம் உண்டு. கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் வழிநடத்திய ஈழத்து முற்போக்கு விமர்சனம், சமூக உள்ளடக்கத்தையும் தெளிவையும் இலக்கியத்தின் கடமைகளாகக் கருதியது. அந்த மரபின் சிறப்பான விளைச்சல்களுள் ஒன்று எம். ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான கொடுமைக்கு அது எதிர்வினை. அரச காவலர் புத்தரையே சுட்டுக் கொல்கின்றனர். அவரது சடலம் நூலகப் படிக்கட்டில் கிடக்கிறது. பின்னர் நூல்களோடு சேர்த்து எரிக்கப்படுகிறது. கற்பனை விசித்திரமானது, பொருளோ பட்டப்பகல் போல் வெளிப்படையானது. எரித்தவர் யார், எரிந்தது எது, எரித்தவர்கள் தங்கள் சமயத்துக்கே இழைத்த துரோகம் யாது என்பவற்றில் வாசகனுக்கு ஐயமே எழாது.

நுஃமானும் கல்முனைப் பகுதியைச் சேர்ந்தவர்தாம். ஓரூர்க்காரர்களான இருவரில் ஒருவர் 1981இல் இத்தனை தெளிவாகப் பேச முடிந்தபோது, மற்றவர் சில ஆண்டுகளுக்குள் ஏன் இருளுக்குள் நுழைந்தார்? இதை ஆளுமை வேறுபாடு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. இடைப்பட்ட காலத்தில் போரின் வடிவமே மாறிவிட்டது. 1981இல் துப்பாக்கி ஏந்தியவன் யார் என்பது தெரிந்திருந்தது. 1985 ஏப்ரலில் கிழக்கில் தமிழ்–முஸ்லிம் கலவரம் வெடித்தது. 1987 ஜூலை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இந்திய அமைதிப் படை வந்திறங்கியது. 1990 மார்ச் வரை இருந்தது. ‘எட்டாவது நரகம்’ வெளிவந்த 1988இல் ஒரு கிழக்கிலங்கை முஸ்லிம் தன் வீட்டு வாசலில் எதிர்கொண்ட சப்பாத்துகள் பல. இலங்கை இராணுவம், விசேட அதிரடிப்படை, இந்தியப் படை, ஒன்றோடொன்று மோதிக்கொண்ட தமிழ் இயக்கங்கள் என நீளும் அந்தப் பட்டியலில் ஒன்றைச் சுட்டிப் பேசினால் மற்றொன்று கதவைத் தட்டும். பெயர் சொல்லாத படிமம் அங்கு அலங்காரமாக வந்ததன்று. பேசுவதற்கு எஞ்சியிருந்த ஒரே வழி அது.

முஹ்கமும் முதஷாபிஹும்

தெளிவற்ற கூற்றை எவ்வாறு வாசிப்பது என்ற வினா நமது மரபுக்குப் புதியதன்று. அல்குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் ஏழாவது வசனம், வேதத்தில் பொருள் உறுதியான முஹ்கம் வசனங்களும், பல பொருளுக்கு இடந்தரும் முதஷாபிஹ் வசனங்களும் இருப்பதை எடுத்துரைக்கிறது. முஹ்கமையே வேதத்தின் அடிப்படையாக, தாயாக அது வருணிக்கிறது. உள்ளத்தில் கோணல் உள்ளோர் குழப்பத்தை நாடி முதஷாபிஹைப் பின்தொடர்வர் என்றும் எச்சரிக்கிறது. இதிலிருந்து முஃபஸ்ஸிர்கள் வகுத்த நெறி ஒன்றுண்டு: தெளிவற்றதைத் தெளிவானதன் பக்கம் திருப்பி வாசிக்க வேண்டும்; தெளிவற்றதைக் கொண்டு தெளிவானதைக் கலைத்துவிடக் கூடாது.

மனிதன் எழுதிய கவிதையை இறைவாக்கோடு ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று. அத்தகைய ஒப்பீடு வரம்பு மீறலாகும். ஆனால் வாசிப்பின் ஒழுக்கத்தை, அதன் அதபை, நாம் அங்கிருந்து கற்கலாம். போர்க்காலக் கவிதையின் படிமங்களை முதஷாபிஹுக்கு ஒத்த நிலையில் வைத்தால், அவற்றைத் திருப்பி வாசிப்பதற்குரிய உறுதியான தளம் எது? வரலாறு என்பதே என் விடை. நிகழ்ந்த நாள், இடம், ஆண்டு, கையாளப்பட்ட சொல், அச்சொல் அவ்வூரில் குறிக்கும் பொருள் ஆகியவை அந்தத் தளத்தில் அடங்கும். இருண்மைக் கவிதையை வாசிக்க முதலில் வேண்டுவது கற்பனை வளம் என்றே பலரும் எண்ணுகின்றனர். முதலில் வேண்டுவது வரலாற்று அறிவு. கற்பனையின் வேலை அதன் பிறகே தொடங்குகிறது.

இந்நெறி தமிழுக்கும் அயலானதன்று. தொல்காப்பியம் பேசும் உள்ளுறையும் இறைச்சியும், நிலத்தின் மரம், விலங்கு, பறவை ஆகியவற்றை அறிந்தவனுக்கே கதவு திறப்பவை. கருப்பொருளை அறியாதவன் உட்பொருளை அடைய முடியாது. தக்கலை பீர்முகம்மது அப்பாவின் ஞானப் பாடல்களும் குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களும் ஸூஃபிக் கலைச்சொற்களின் அறிமுகம் இல்லாதவனுக்கு வெறும் புதிர்களாகவே எஞ்சும். மறைபொருளில் பேசுவது தமிழ் முஸ்லிம்களின் பழைய சொத்து. அதை மேற்கிலிருந்து நேற்று வந்த நோய் என்று ஒதுக்குவோர் தம் வீட்டுப் பரணைத் தேடிப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மூன்று தலைப்புகள்

இந்நெறியைச் சில நூல்களின் தலைப்புகளில் மட்டும் பொருத்திப் பார்ப்போம். தலைப்பு என்பது கவிஞன் தன் வாசகனுக்குத் தரும் முதல் திறவுகோல் அல்லவா?

‘எட்டாவது நரகம்’ என்பதைச் சமயப் பயிற்சியற்ற வாசகர் ஏதோ ஒரு பயங்கரம் என்ற அளவில் கடந்து சென்றுவிடலாம். ஹிஜ்ர் அத்தியாயத்தின் 44ஆவது வசனம் நரகத்துக்கு ஏழு வாசல்கள் உண்டு என்கிறது. ஜஹன்னம் தொடங்கி ஹாவியா வரை ஏழு படித்தரங்களை நம் மதரஸாக்களில் சிறுவர்களும் அறிவர். அப்படியிருக்க எட்டாவது எங்கிருந்து வந்தது? இறைவன் படைத்தவை ஏழே என்றால், எட்டாவது மனிதன் கட்டியது. ஏழு நரகங்களும் நீதியின் பொருட்டு அமைந்தவை. அங்கே விசாரணைக்குப் பிறகே தண்டனை. எட்டாவது நரகத்தில் விசாரணை கிடையாது. குற்றமற்றவனும் குழந்தையும் சேர்ந்தே எரிகின்றனர். இந்த வேறுபாடே அத்தலைப்பின் கோபம். ‘எட்டு’ என்ற ஓர் எண்ணில் ஓர் இறையியல் முறைப்பாடு முழுவதும் ஒடுங்கியிருக்கிறது. இதனை முதலில் உணரவேண்டியவர்கள் நாம். இருண்மை என்று முதலில் முகம் சுளித்தவர்களிலும் நம்மவர்கள் இருந்தனர் என்பது வருந்தத்தக்கது.

அடுத்தது ‘ஆணிவேர் அறுந்த நான்’. 1993இல் வந்த நூல் என்பதால், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றிய நிகழ்வின் குரலாகவே இதனைப் பலரும் எடுத்துக்கொள்ளக்கூடும். அந்நிகழ்வின் விவரங்கள் உறுதியானவை. ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் நாள் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். பெருந்தொகையினர் புத்தளத்தில் அகதிகளாகத் தஞ்சமடைந்தனர். ஆனால் சோலைக்கிளி யாழ்ப்பாணத்தவர் அல்லர், கல்முனைக்காரர், வெளியேற்றப்பட்டவரும் அல்லர். அப்படியாயின் அந்த ‘நான்’ யார்?

மரத்தை அறிந்தவர்களிடம் விடை இருக்கிறது. வேரோடு பிடுங்கப்பட்ட மரம் உடனே சாய்ந்துவிடும். ஆணிவேர் மட்டும் அறுந்த மரமோ பக்கவேர்களின் தயவில் சில காலம் நின்றுகொண்டிருக்கும். இலை பச்சையாகவே இருக்கும். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. அடுத்த பெருங்காற்று வரும்வரை மரத்துக்கே உறுதியாகத் தெரியாது. வடக்கு முஸ்லிம் பிடுங்கப்பட்டவர். கிழக்கு முஸ்லிமோ தன் வீட்டிலேயே நின்றுகொண்டு ஆணிவேரை இழந்தவர். 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரிலும் படுகொலை நிகழ்ந்தது. அதன் பிறகு ஸுஜூதில் நெற்றியை வைக்கும் ஒவ்வொருவரின் முதுகும் வாசலை நோக்கித் திறந்து கிடந்தது. வீடு இருக்கிறது, ஊர் இருக்கிறது, பள்ளிவாசலும் இருக்கிறது. ஆனால் அவற்றின் மீதிருந்த நம்பிக்கையின் ஆணிவேர் இல்லை. அகதி என்ற சொல்லுக்குள் அடங்காத இந்நிலையைச் சொல்ல அறிக்கைகளிடம் வார்த்தை கிடையாது. கவிதையிடம் இருந்தது.

வரலாறு நம் வாசிப்பைக் கட்டுப்படுத்தவும் வேண்டும். ‘நானும் ஒரு பூனை’ என்ற தலைப்பைப் பார்த்து, மனிதரைவிட வீட்டோடு அதிகம் ஒட்டும் பிராணி பூனை என்பதால் இது வீடிழந்தோரின் குறியீடு என்று ஒருவர் வாதிடலாம். கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் அந்நூல் வெளிவந்தது 1985இல்; வெளியேற்றம் நிகழ்ந்ததோ ஐந்தாண்டுகளுக்குப் பின்னர். பின்னால் வந்த துயரத்தை முன்னால் வந்த நூலின் மீது ஏற்றுவது, கவிஞனைக் கௌரவிப்பதுபோல் தோன்றினாலும் அவனைத் தீர்க்கதரிசியாக்கும் பிழையாகும்.

மூன்றாவது, சாய்ந்தமருதைச் சேர்ந்த அனாரின் முதல் தொகுதி, ‘ஓவியம் வரையாத தூரிகை’. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தம் பெயரளவிலேனும் நீடித்த 2004இல் இது வந்தது. தூரிகை கையில் இருக்கிறது, ஓவியம் இல்லை. இதை மூன்று விதமாக வாசிக்க இடமுண்டு. பெண்ணின் படைப்பாற்றல் வீட்டுக்குள் தடுக்கப்பட்டது என்பது ஒன்று. உயிர்களின் உருவத்தை வரைவதில் நம் சமூகத்துக்கு உள்ள தயக்கம் மற்றொன்று. போரைக் கண்ட கண், கண்டதைப் படமாக்க மறுக்கிறது என்பது மூன்றாவது. இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்து தீர்ப்பளிக்க எனக்குத் துணிவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம்: தலைப்பு தூரிகையை உடைந்தது என்றோ உலர்ந்தது என்றோ சொல்லவில்லை. உருவம் வரையாத தூரிகை, எழுத்தணியையும் கொடிக்கோலங்களையும் எத்தனையோ பள்ளிவாசல் சுவர்களில் மலர்த்தியிருக்கிறது. வரையாமை என்பதும் கலையின் ஒரு செயலாக இருக்க முடியும் என்பதை உலகின் எந்தச் சமூகத்தைக் காட்டிலும் நன்கறிந்த சமூகம் நாம்.

வீட்டின் வரைபடம்

அரபுக் கவிதையின் மிகப் பழைய மரபு, பாழடைந்த வசிப்பிடத்தின் முன் நின்று அழுவதில் தொடங்குகிறது. இம்ரஉல் கைஸும் லபீதும் தம் முஅல்லகாக்களை அப்படித்தான் ஆரம்பிக்கின்றனர். கூடாரம் இருந்த இடத்தில் எஞ்சிய தடங்களைப் படிப்பது அங்கே கவிஞனின் முதல் வேலை. பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குத் தந்து 1981இல் நூலாக்கிய நுஃமான், வீடிழந்தோரின் குரலை அதன் நவீன வடிவில் நமக்கு அறிமுகம் செய்தார். ஒன்பதாண்டுகளில் அக்குரல் நம் மொழிக்குள்ளேயே எழுந்தது.

அதே மரபின் மிகப் புதிய சோதனையாக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓவியர் தா. சனாதனனின் 2011ஆம் ஆண்டுக் கலைநூலைக் கருதலாம். முற்றுப்பெறாத தோம்பு என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். போரால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்த 80 வரைபடங்கள் அதில் உள்ளன. கட்டடக் கலைஞர் வரையும் துல்லியப் படமாக அவை மீண்டும் வரையப்படுகின்றன. அவற்றோடு ஓவியரின் சொந்தச் சித்திரங்களும் இணைகின்றன. தோம்பு என்பது போர்த்துக்கீசரும் பின்னர் ஒல்லாந்தரும் பேணிய நிலப் பதிவேடு. சப்பாத்து என்ற சொல்லும் போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்ததே. காலைப் பூட்டிய சொல்லும் நிலத்தைப் பூட்டிய சொல்லும் ஒரே கப்பலில் வந்திறங்கின என்பது தற்செயலன்று. படையும் பதிவேடும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன.

வரைபடத்தைவிடத் தெளிவானது எது? கோடுகள், அறைகள், வாசல். ஆயினும் இல்லாத வீட்டின் வரைபடத்தைப் போல இருண்டது வேறொன்றும் இல்லை. தெளிவுக்கும் இருளுக்கும் இடையிலான எல்லை மொழியின் எளிமையைப் பொறுத்ததன்று என்பதை அந்நூல் நிறுவுகிறது. தன் வீட்டிலிருந்து நியாயமின்றி வெளியேற்றப்பட்டோரை ஹஜ் அத்தியாயத்தின் 40ஆவது வசனம் தனியே குறிப்பிடுகிறது என்பதையும் இங்கே நினைவுகூரலாம். கவிஞர்களைக் கண்டிக்கும் ஷுஅரா அத்தியாயமும், இறுதி வசனத்தில் நம்பிக்கை கொண்டு நற்செயல் புரிந்து, அநீதி இழைக்கப்பட்டபின் தம்மைத் தற்காத்துக்கொண்டோருக்கு விலக்களிக்கிறது. வீடிழந்தவனின் கவிதைக்கு நம் சமயத்தில் இடமுண்டா என்ற ஐயத்துக்கு அந்த விலக்கே விடை.

யாருடைய சப்பாத்து?

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். கவிதை பெயர் சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொரு தரப்பும் அதைத் தன் எதிரியின் சப்பாத்தாக வாசித்துக்கொள்ள முடியும். தமிழ்த் தேசியர் அதில் சிங்களப் படையைக் காண்பார். முஸ்லிம் வாசகர் புலிகளைக் காண்பார். குழப்பத்தை நாடி முதஷாபிஹைப் பின்தொடரும் வாசிப்பு என்பது இதுவே. படிமம் பொதுவாக இருப்பதால் குற்றச்சாட்டு அடுத்தவன் பக்கம் திரும்பிக்கொள்கிறது.

நிஸா அத்தியாயத்தின் 135ஆவது வசனம், உங்களுக்கே பாதகமாக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று பணிக்கிறது. அவ்வாறு நின்று பார்த்தால் சப்பாத்துகளின் எண்ணிக்கை கூடுகிறது. 1990இல் அரசு ஆயுதம் கொடுத்த முஸ்லிம் ஊர்காவல் படையினர் சிலர், கிழக்கின் தமிழ்க் கிராமங்கள் மீதான தாக்குதல்களில் பங்கேற்றதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. அந்தத் தொப்பி நம்முடைய தொப்பி. 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றவர்களின் தலைவன், பள்ளிவாசல் படுகொலையைக் கண்ட அதே காத்தான்குடியில் வளர்ந்தவன். தொப்பியோடும் சப்பாத்தோடும் பிறக்கும் சிசு எந்தச் சமூகத்தின் கருவிலும் உருவாக முடியும் என்பதைக் கவிதை பெயரில்லாமல் சொன்னது, பெயர் சொல்லப் பயந்ததால் மட்டுமன்று என்று இப்போது தோன்றுகிறது.

நாம் இந்தியர், நமக்கென்றும் ஒரு சப்பாத்து இருக்கிறது. பென்னலூரை ஒட்டிச் செல்லும் அதே நெடுஞ்சாலையில்தான் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. 1991 மே 21 இரவு, இந்திய அமைதிப் படையை அனுப்பிய முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி, மேலும் பலரோடு அங்கே கொல்லப்பட்டார். 2003 ஒக்டோபரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்த நினைவிடத்தில் கல்தூண்கள் உயர்ந்து நிற்கின்றன. உயர்ந்த பண்புகளுக்கு அவை அடையாளம் என்கின்றனர். அது முஹ்கமான கலை, ஐயத்துக்கு இடமளிக்காதது, அரசுகளுக்கு அத்தகைய கலையும் தேவை. ஆனால் 1988இல் கல்முனைத் தெருக்களில் நடந்த சப்பாத்துகளில் சில இங்கிருந்து சென்றவை என்பதையும், கடலுக்கு அப்பால் எரிந்த நெருப்பு மூன்றாண்டுகளில் இதே சாலையை வந்தடைந்ததையும் கல்லில் பொறிக்க முடியாது. கல்லால் கேட்க முடியாத கேள்வியைக் கவிதை கேட்கிறது.

ஆகவே இருண்மை எல்லாம் சிறப்பன்று. பின்னால் ஒரு நாளும் ஓர் ஊரும் இல்லாத இருண்மை வெறும் புகை. வரலாற்றின் பக்கம் திருப்பி வாசிக்கும்போது பொருள் துலங்குவதும், துலங்கிய பொருள் வாசகனையும் குற்றக் கூண்டில் ஏற்றுவதும் எந்தக் கவிதையில் நிகழ்கிறதோ, அதன் இருளே நேர்மையான இருள். அந்தத் தொழிற்சாலை இளைஞர் முதலில் தம் காலைப் பார்த்தார். வரலாற்றை அறிந்த பின் பிறருடைய கால்களைப் பார்த்தார். இறுதியில், யாருடையது என்று கேட்டு, மீண்டும் குனிந்து தம் காலையே பார்த்தார். இக்கவிதைகளை வாசிப்பதற்கு அதைவிடச் சிறந்த முறையை நான் அறியேன்.